கணனி வந்த வைத்தியசாலையில் வேலை எங்கே போகிறது?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, பாடசாலைப் பிரதான மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேசும்படி செயலாளர் கேட்டபோது, "உங்கள் துறையைப் பற்றியே பேசுங்கள், ஆனால் எல்லோருக்கும் விளங்கவேண்டும்" என்றார். நான் தாதியாக வாட்டில் வேலை தொடங்கியவள். பின்னர் தாதியருக்குப் பயிற்சி கொடுத்தேன். கடைசிப் பத்து வருடங்கள் வைத்தியசாலைகளுக்குக் கணனி முறைகளைக் கொண்டுவரும் குழுக்களில் இருந்தேன். இந்த மண்டபத்தில் வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர்கள் பலர் இருக்கிறீர்கள். வயதான அம்மா அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்பவர்கள் அதைவிடக் கூட. ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய விடயம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கணனி வந்தால் வேலை குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கண்டவரை வேலை இடம் மாறுகிறது. ஒருவர் கையிலிருந்த வேலை இன்னொருவர் கைக்குப் போகிறது. எங்கே போய் விழப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்த இடங்களில் நன்மை கிடைத்தது. பார்க்காத இடங்களில் ஊழியர்களும் நோயாளர்களும் சிரமப்பட்டார்கள்.

பதிவேட்டின் நூறு ஆண்டுகள்

நமது சங்கத்தின் வயதுதான் இந்த நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்கும். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோய் வந்து வைத்தியசாலை வாசலுக்கு வரும்வரை காத்திராமல், ஒரு பகுதியைப் பொறுப்பேற்று, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடிப்போய்ப் பார்க்கும் முறை அது. அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதைத் தாங்கி நின்றவர் மருத்துவமாது. அவர் கையில் இருந்த கருவி பதிவேடு. எந்த வீட்டில் எத்தனையாம் மாதம், யாருக்கு முந்திய பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டது, யார் இந்த மாதம் கிளினிக்குக்கு வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

1930களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ முப்பது. பெண்கள் பாடசாலைக்குப் போனது, இலவச சிகிச்சை, மலேரியாக் கட்டுப்பாடு, பயிற்சி பெற்ற மருத்துவமாது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிந்து, ஏன் நடந்தது என்று விசாரிக்கும் பழக்கமும் அவற்றில் ஒன்று. கணனி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே நாம் தகவலால் உயிர் காத்தவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கர்ப்பிணியின் எச் 512 அட்டையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் தாயின் கையிலேயே இருப்பவை. இடப்பெயர்வுக் காலத்தில் வீட்டை விட்டு ஓடிய எத்தனையோ தாய்மார், அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் பிள்ளையின் ஊசிக் கொப்பியையும் அதே பைக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். முகாமில் இருந்த மருத்துவமாது அதைப் பார்த்து அடுத்த ஊசியைப் போட முடிந்தது. பதிவு அலுவலகத்தில் மட்டும் இருந்திருந்தால் அது முடிந்திராது.

அந்த முறையின் பாரம் மாத முடிவில் தெரியும். பதிவேட்டிலிருந்து எண்ணி, கூட்டி, படிவத்தில் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே இன்னொருவர் திரும்பக் கூட்டுவார். இப்போது இந்தத் தரவுகள் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் இலத்திரனியல் முறைக்குள் போகின்றன. கொழும்பில் இருப்பவருக்கு அது பெரிய வசதி. மருத்துவமாதின் மேசையில் பாரம் எவ்வளவு குறைந்தது என்று அவரிடம்தான் கேட்கவேண்டும்.

திரை வந்ததும் மாறியவை

வெளிநோயாளர் பிரிவை எடுத்துக்கொள்வோம். முன்பு வைத்தியர் துண்டில் எழுதுவார். நோயாளி அதைக் கொண்டுபோய் மருந்தகத்தில் வரிசையில் நிற்பார். இப்போது கணனி முறை உள்ள வைத்தியசாலையில் வைத்தியர் தட்டச்சு செய்ததும் மருந்தாளரின் திரையில் அது தெரிகிறது. கையெழுத்து விளங்கவில்லை என்ற பேச்சு இல்லை. போன மாதம் கொடுத்த மருந்து என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் முன்னால் நிற்கிறது. துண்டைத் தொலைத்துவிட்டு அழும் ஆச்சிமாரும் குறைவு. இவை பெரிய நன்மைகள். நான் கணனிக்கு எதிரானவள் அல்ல.

ஆனால் இடம் மாறிய வேலையையும் பாருங்கள். துண்டில் மூன்று வரி எழுதிய வைத்தியர் இப்போது பட்டியலில் மருந்தைத் தேடி, அளவைத் தெரிவு செய்து, நாளைக் குறிக்கவேண்டும். அவர் கண் திரையில் இருக்கும்போது, எதிரே இருப்பவர் மூச்சு வாங்குவதை யார் பார்ப்பது? அமெரிக்காவில் வைத்தியர்களை நேரில் பின்தொடர்ந்து அவதானித்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நோயாளரோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணனிப் பதிவிலும் மேசை வேலையிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போகிறது என்று கண்டது. அங்கே முன்பு எழுதுவினைஞர் செய்த வேலையில் ஒரு பங்கு வைத்தியரின் விரல்களுக்கு வந்துவிட்டது.

வாட்டில் இன்னொரு மாற்றம். முன்பு ஒரு நோயாளிக்கு ஒரு பி.எச்.ரி. தான். வைத்தியரும் தாதியும் அதே தாளைச் சுற்றி நிற்பார்கள். அப்போது பேச்சும் நடக்கும். "டொக்டர், இந்த ஐயா காலமை ஒண்டும் சாப்பிடேல்லை", "நேற்று இரவு முழுக்க நித்திரை இல்லை" என்று தாதி சொல்வார். இவை எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாத செய்திகள். ஒவ்வொருவரும் தனித்தனித் திரைக்குப் போனபின் அந்தப் பேச்சுக்கென்று வேறு நேரம் ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிட்டால் அது நின்றுபோகும். நின்றது யாருக்கும் உடனே தெரியாது.

இரட்டை வேலையையும் சொல்லவேண்டும். "முதல் ஆறு மாதம் கொப்பியிலும் எழுதுங்கள், கணனியிலும் பதியுங்கள்" என்பார்கள். நான் கண்ட பல இடங்களில் அந்த ஆறு மாதம் முடிவதே இல்லை. 2022க்குப் பிறகு எத்தனையோ தாதியரும் வைத்தியர்களும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஆளில்லாத வாட்டில் ஒரே செய்தியை இரண்டு தரம் எழுத வைப்பது நோயாளியிடமிருந்து நேரத்தைப் பறிப்பதாகும்.

ஒரே மென்பொருள், இரண்டு வைத்தியசாலைகள்

என் மாணவிகளுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரச் சிறுவர் வைத்தியசாலை 2002ஆம் ஆண்டு வைத்தியர்களின் கட்டளைகளைக் கணனியில் பதியும் முறையை ஆறே நாட்களில் வைத்தியசாலை முழுவதும் கொண்டுவந்தது. பின்னர் 2005இல் அங்குள்ள வைத்தியர்களே முடிவுகளை வெளியிட்டார்கள். வேறு வைத்தியசாலைகளிலிருந்து விசேட சிகிச்சைக்காக மாற்றப்பட்டு வந்த பிள்ளைகளில் இறந்தவர்களின் வீதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்தது.

என்ன நடந்தது? முன்பு பிள்ளை அம்புலன்சில் வந்துகொண்டிருக்கும்போதே கட்டளைகளை எழுதி, மருந்தை ஆயத்தமாக வைப்பார்கள். புதிய முறையில் பிள்ளை வந்து சேர்ந்து, பெயர் பதியப்பட்ட பிறகுதான் கட்டளையை உள்ளிட முடிந்தது. எழுதச் சில வினாடிகள் எடுத்த கட்டளைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. கட்டிலருகே நிற்கவேண்டிய ஒருவர் கணனியருகே நின்றார். மரணங்கள் கூடியதற்கு இதுதான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால் வேலை எப்படி இடம் மாறியது என்பதை அது தெளிவாகக் காட்டியது.

இனி சியாட்டில் நகரச் சிறுவர் வைத்தியசாலையைப் பாருங்கள். அதே மென்பொருளைத்தான் அவர்களும் கொண்டுவந்தார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் மரண வீதம் கூடவில்லை என்று 2006இல் அறிவித்தார்கள். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை அவர்கள் முன்கூட்டியே தொகுதிகளாக ஆயத்தம் செய்து வைத்திருந்தார்கள். பெட்டி ஒன்றுதான். அதைச் சுற்றி வேலையை ஒழுங்கு செய்த விதம் வேறு.

நாம் பெருமைப்படும் ஒரு கதை

நம் நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையில் முதலாவது கொவிட் நோயாளி இனங்காணப்பட்டார். அந்த நாட்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருபவர்களை விமான நிலையத்தில் பதிந்து பின்தொடர்வதற்கான கணனி முறையைச் சுகாதார அமைச்சோடு சேர்ந்து நம் நாட்டு நிபுணர்கள் சில நாட்களில் உருவாக்கினார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற இலவச மென்பொருளின் மேல் கட்டியது அது. பின்னர் பல நாடுகள் அந்த வடிவத்தை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டன. நோர்வேயின் உள்ளூராட்சி சபைகளும் நோய்த்தொடர்பு தேடுவதற்கு அதே மென்பொருளைப் பயன்படுத்தின.

இவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்ததன் விதை அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னரே போடப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இல் வைத்தியர்களுக்கென உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிக் கற்கையைத் தொடங்கியது. வாட்டையும் கிளினிக்கையும் அறிந்தவர்களே கணனியையும் கற்றார்கள். நெருக்கடி வந்தபோது, கேட்கவேண்டிய கேள்விகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தொழிலைச் செய்பவர்கள் கருவியை வடிவமைக்கும் மேசையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கணனி நின்றுபோகும் நாள்

2022 மார்ச் மாத இறுதியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. பணக்கார நாடுகளுக்கும் இது வரும். 2017 மே 12ஆம் திகதி வனாகிரை என்ற கணனித் தாக்குதல் பரவியபோது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் குறைந்தது 80 வைத்தியசாலை அமைப்புகள் பாதிக்கப்பட்டன. 19,000க்கும் மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. லண்டனில் அன்று வேலையில் இருந்த நம் தோழியர் சிலர் இங்கே இருக்கக்கூடும்.

அந்த நாளில் கைகொடுப்பது காகிதம்தான். ஆனால் காகிதத்தில் வேலை செய்வதும் பழக்கத்தால் வரும் திறமை. திரையோடு மட்டும் பயின்ற இளம் தாதியிடம் திடீரென்று வெறும் தாளைக் கொடுத்தால் அவர் திகைப்பார். ஆகவே தீயணைப்புப் பயிற்சி செய்வதுபோல, கணனி இல்லாமல் ஒரு ஷிப்ட் நடத்தும் பயிற்சியும் வருடத்துக்கு ஒரு தரமாவது வேண்டும் என்று நான் வற்புறுத்தி வருகிறேன்.

பெயரும் அந்தரங்கமும்

தமிழ்ப் பெண்களாகிய நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஜெயந்தி' என்பதை 'ஈ' போட்டு எழுதுவார், மற்றவர் 'ஏ' போட்டு எழுதுவார். கடைசி எழுத்து 'ஐ'யா 'வை'யா என்பது வேறு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பெயர், பின் கணவரின் பெயர். கணனிக்கு இது மூன்று ஆட்கள். ஒருத்தியின் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருத்தியின் பதிவில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ஆளுக்கொரு சுகாதார இலக்கம் கொடுக்கிறார்கள். அந்த அட்டை கிடைத்தால் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு தரமும் அதையே கொடுங்கள்.

அடுத்தது அந்தரங்கம். பதிவேடு அலுமாரியில் இருந்தபோது திறப்பு ஒருவரிடம் இருந்தது. கணனியில் இருக்கும்போது கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருக்கிறது? அவசரத்தில் எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆலோசனை கேட்பது உயிரைக் காக்கலாம். அந்தப் படத்தில் பெயர் இருந்தால், அது எத்தனை கைத்தொலைபேசிகளில் தங்கும்? நம் ஊர்களில் ஒரு பெண்ணின் மனநல சிகிச்சையோ, குழந்தைப்பேற்றுச் சிகிச்சையோ வெளியே தெரிந்தால் அவள் படும் பாடு நமக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. சட்டம் இருந்தாலும், மேசையில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டும் பழக்கத்தை நாம்தான் விடவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இந்தச் சங்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறோம். மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு. புதிய கணனி முறைக்குக் கையெழுத்திடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் யாருடைய வேலை கூடும்? பதில் இல்லாவிட்டால், அந்த வாட்டின் தாதியையும் எழுதுவினைஞரையும் மருத்துவமாதையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் பதிவது அவர்களுக்கே பயன்படுமா என்றும் பாருங்கள். பதிந்த தரவு மேலே மட்டும் போய், பதிந்தவருக்கு ஒன்றும் திரும்பி வராத முறை நிலைக்காது. தன் பகுதியில் இந்த வாரம் யார் வரவில்லை என்ற பட்டியல் மருத்துவமாதுக்குத் திரும்பி வந்தால், யாரும் சொல்லாமலே அவர் சரியாகப் பதிவார்.

இரண்டாவது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் மென்பொருள் துறையில் இருக்கும் தங்கைமாருக்கு. ஊர் வைத்தியசாலைக்குக் கணனி வாங்கிக் கொடுக்க நீங்கள் காட்டும் ஆர்வம் பெரிது. கணனியோடு பற்றரி, திருத்துபவரின் சம்பளம், பயிற்சி ஆகியவற்றுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். திரையில் தமிழும் சிங்களமும் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வருவதற்கு முன் ஒரு வாரம் அந்த வாட்டில் சும்மா நின்று பாருங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் நம் எல்லோருக்கும். எல்லாம் கணனியில் இருக்கிறது என்று கிளினிக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். அரச வைத்தியசாலையின் பதிவு தனியார் வைத்தியசாலைக்குத் தெரியாது. கொழும்பில் பார்த்தது மட்டக்களப்பில் தெரியும் என்ற உத்தரவாதம் இன்னும் இல்லை. அம்மாவின் மருந்துப் பட்டியல், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், செய்த சத்திர சிகிச்சைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவரது கைப்பைக்குள் வையுங்கள். பிள்ளையின் ஊசிக் கொப்பியைச் சுமந்து நடந்த தாய்மாரிடம் நாம் கற்க வேண்டியது அதுதான்.

கணனி இன்னும் வளரும். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும், குரலைக் கேட்டுக் குறிப்பை எழுதும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் கட்டிலருகே திரும்பிப் போகிறதா, அல்லது இன்னொரு படிவத்தை நிரப்பப் போகிறதா என்பதை முடிவு செய்பவர்கள் மனிதர்கள். அந்த மனிதர்களில் பலர் இந்தப் பாடசாலையில் படித்த பெண்களாக இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். அந்த முடிவு எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், நோயாளியின் பக்கம் நில்லுங்கள்.